தன் நெருப்பைத் தானே வளர்த்த இயந்திரம்

எங்கள் உம்மம்மா விறகடுப்பில் சமைக்கும்போது ஊதுகுழலைக் கைவிடமாட்டார். சாம்பல் பூத்துக் கிடக்கும் தணல், காற்றுப் பட்டதும் சிவந்து எழும். அந்த அடுப்புக்கும் நீராவிப் புகையிரதத்திற்கும் உள்ள உறவை, உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும்போதுதான் உணர்ந்தேன்.

1829ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் புகையிரதப் பாதை உருவாகிக்கொண்டிருந்தது. வண்டிகளை எதனால் இழுப்பது? பாதையோரம் இயந்திரங்களை நிலையாக நிறுத்திக் கயிற்றால் இழுப்பதா, ஓடும் என்ஜினைப் பூட்டுவதா? இதற்கு முடிவுகாண ஒக்டோபர் மாதம் ரெயின்ஹில் என்னுமிடத்தில் போட்டி நடந்தது. பரிசு 500 பவுண். களமிறங்கிய ஐந்தில் ஒன்றை இயக்கியது, அதனுள்ளே நடந்த ஒரு குதிரை! மக்கள் மனங்கவர்ந்த 'நொவெல்ட்டி' வேகமாக ஓடிப் பழுதடைந்தது. சோதனையை முழுமையாக முடித்தது ஸ்டீபன்சன்களின் 'ரொக்கெற்' மட்டுமே.

வெற்றிக்குக் காரணம் என்ன? முந்திய கொதிகலன்கள் பலவற்றில் நெருப்பின் சூடான வாயு, நீரின் நடுவே ஒரே பெரிய குழாய் வழியாகச் சென்றது. வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கியால் வெளியேறி வீணானது. ரொக்கெற்றிலோ 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் இருந்தன. இந்த யோசனையைக் கூறிய ஹென்றி பூத் பொறியியலாளர் அல்லர். அந்தப் புகையிரதக் கம்பனியின் செயலாளரும் பொருளாளருமாவார்.

தோழியரே, ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். 25 குழாய்களின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு, 15 அங்குல விட்டமுள்ள ஒரு குழாயின் பரப்புக்குச் சமம். ஆனால் அவற்றின் சுற்றளவுகளின் கூட்டுத்தொகை 5 மடங்கு! வாயு செல்லும் இடம் அதேயளவுதான். நீருக்கு வெப்பம் கொடுக்கும் மேற்பரப்போ ஐந்து மடங்கு.

அடுத்தது அந்த ஊதுகுழல். உருளையில் முசலத்தைத் தள்ளி முடித்த நீராவி புகைபோக்கியினுள் பாய்ச்சப்பட்டது. அது மேலெழும்போது புகையையும் இழுத்துச் செல்ல, நெருப்பறைக்குள் புதிய காற்று புகுந்தது. என்ஜின் கடினமாக உழைக்க உழைக்க நெருப்பும் கூடுதலாக எரிந்தது. ஊதிவிட வேறொருவர் தேவைப்படவில்லை.

109 ஆண்டுகளுக்குப் பின், 1938 ஜூலை 3ஆம் திகதி, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த 'மல்லார்ட்' மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அதன் இரட்டைப் புகைபோக்கியிலும் இதே தத்துவம்தான் மேலும் மெருகேறியிருந்தது. அந்த ஓட்டத்தில் தண்டொன்றின் தாங்கி அளவுமீறிச் சூடேறியதால், பீற்றர்பரோவில் வேறு என்ஜின் பூட்டவேண்டியதாயிற்று. வெப்பத்தால் வென்ற இயந்திரத்திற்கு வெப்பமே எல்லையும் வகுத்தது.

"வட்டத்தின் பரப்பும் சுற்றளவும் வாழ்க்கைக்கு எதற்கு?" என்று சலித்துக்கொண்டவள் நான். இப்போது உம்மம்மாவின் அடுப்பில் தணல் சிவக்கும்போதெல்லாம், 25 செப்புக் குழாய்கள் என் கண்முன் வருகின்றன.

தரம் 13, கணிதப் பிரிவு