67 பேரில் 18 பேர்

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தையும் பகடையையும் மாணவர்கள் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். "எத்தனை பேரில்?" என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இம்முறை கொரோனா விரைவுச் சோதனையிலிருந்து தொடங்கினேன். தேவாரத்தில் அதற்கு முன்னுரை வேண்டியதில்லை. போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் வீடுகள் இங்கே நிறைய. ஊரடங்கில் கூலி நின்றதைப் பிள்ளைகள் மறக்கவில்லை.

நடந்ததை முதலில் சொன்னேன். 2020 ஏப்ரலில் சீன நிறுவனங்கள் இரண்டின் எதிர்ப்பொருள் சோதனைக் கருவிகள் மாநிலங்களுக்கு வந்தன. தொற்று உறுதியானவர்களிடமே ராஜஸ்தான் சோதித்துப் பார்த்தது, 5.4 சதவீதம்தான் சரியாக இருந்தது என்று கூறி நிறுத்தியது. ஏப்ரல் 27-இல் அவற்றைத் திருப்பி அனுப்புமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கேட்டுக்கொண்டது. தமிழகத்துக்கு வந்த 24,000 கருவிகளும் அதில் சேர்ந்தன.

"டூப்ளிகேட்டா சார்?" என்றான் ஒருவன். கருவியின் தரம் ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு: இச்சோதனை வைரஸைத் தேடுவதில்லை, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் சில நாள்களில் நல்ல கருவியும் 'இல்லை' என்றே காட்டக்கூடும். ஆர்டி-பிசிஆர் சோதனைதான் வைரஸின் மரபணுவைத் தேடுவது. அறிவியல் ஆசிரியர் இந்தப் பகுதியை எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

பிறகு கணக்கு. கட்டம் போட்ட தாளில் 40-க்கு 25 கட்டங்கள், அதாவது 1000 பேர். 20 பேருக்கு மட்டும் தொற்று வந்திருக்கிறது. அந்தக் கட்டங்களுக்குச் சிவப்பு. எதிர்ப்பொருள் உள்ள 100 பேரில் 90 பேரைக் கருவி கண்டுபிடிக்கும், இல்லாத 100 பேரில் 5 பேரை 'உண்டு' என்று தவறாகக் காட்டும் என்று வைத்துக்கொண்டோம். (இவை வகுப்புக்காக நான் வைத்த எண்கள், மாணவர்களிடமும் அப்படியே சொன்னேன்.)

"'உண்டு' என்று வந்த ஒருவருக்கு உண்மையில் தொற்று வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?"

வகுப்பே 90 சதவீதம் என்றது. கட்டங்களை எண்ணச் சொன்னேன். 20 பேரில் 18 பேர் சரி. மீதி 980 பேரில் 5 சதவீதம், 49 பேர். ஆக 'உண்டு' என்று வந்தவர்கள் 67 பேர். அவர்களில் உண்மையானவர்கள் 18 பேர்தான், சுமார் 27 சதவீதம். நம்பாமல் திரும்ப எண்ணினார்கள்.

அடுத்து, 200 பேருக்குத் தொற்று என்று மாற்றினோம். 180-உம் 40-உம் சேர்ந்து 220. விடை சுமார் 82 சதவீதம். கருவி அதேதான், ஊர்தான் வேறு. இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். எனக்கு முழுப் பாடவேளை பிடித்தது. சூத்திரத்தை முதலிலேயே எழுதிப்போட்டிருந்தால் 90-லேயே நின்றிருப்பார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்த 49 பேரை ஜீப்புல ஏத்தியிருப்பாங்களா சார்?"

ஏற்றியிருக்க மாட்டார்கள் என்றேன். 67 பேருக்கும் ஆர்டி-பிசிஆர் எடுத்தால் அந்த 49 பேரின் கதி என்ன என்பதை மறுநாள் பாடவேளைக்கு வைத்துக்கொண்டோம்.