மூணு தரம் சொன்ன பிறகு ‘வேண்டாம்’ என்றால்?

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட். இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப் ஏலம் முடிகிறது. 3,000 ரூபாயில் தொடங்கிய காஞ்சிப் பட்டு 5,500-க்குப் போயிருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வருகிறது: “ஸாரி மேடம், வீட்ல வேண்டாம்னு சொல்றாங்க.”

இதில் விற்பவருக்கு நஷ்டம் ஒரு சேலையோடு நிற்காது. இரண்டாவதாக நின்றவர் அதற்குள் தி.நகரில் வேறு சேலை எடுத்திருப்பார். அடுத்த வாரம் குழுவில் இருப்பவர்கள், “இந்த விலையெல்லாம் நிஜம்தானா?” என்று யோசிப்பார்கள். சேலை, கொலு பொம்மை, பித்தளைப் பாத்திரம், பழைய நாணயம் என்று வீட்டிலிருந்தே ஏலம் விடுகிற யாருக்கும் இது நேரும். ஜகா வாங்குபவர்களை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் எந்த நொடிவரை விலகலாம், எந்த நொடிக்குப் பிறகு கூடாது என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

கோடு எங்கே இருக்கிறது?

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கத்தில் உள்ள வேறு முறையில் ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை, விலை கேட்டவர் தன் ஏலக் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அது அவருடைய உரிமை; அதற்காகக் கோபப்படாதீர்கள். அறிவித்த நொடியில் விற்பனை முடிந்துவிடுகிறது. அதன்பின் மனம் மாறுவது ஒப்பந்த மீறல்.

சென்னையில் பழைய தலைமுறைக்கு ஏலம் என்றால் மர்ரே கம்பெனி ஞாபகம் வரும். நேரில் நடக்கும் ஏலத்தில் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். சுத்தியல் விழும் சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும். செல்போன் ஏலத்தில் இந்த இரண்டுமே இல்லை. இரண்டையும் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

ஏலத்துக்கு முன்

1. பொருளைத் தொட்டுப் பார்த்த உணர்வைக் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், முந்தானை, பார்டர், பின்பக்கம், கறையோ கிழிசலோ இருந்தால் அதன் நெருக்கமான படம், சிறிய வீடியோ எல்லாம் வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் முந்தைய நாள் நேரில் வந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

2. கூரியர் செலவை முதலிலேயே சொல்லுங்கள். கடைசியில் 150 ரூபாய் சேரும்போதுதான் பலர் நழுவுகிறார்கள்.

3. புதியவர்களிடம் சிறு முன்பணம் வாங்குங்கள். 200 அல்லது 300 ரூபாய் போதும். ஏலம் கிடைக்காதவர்களுக்கு அன்றிரவே யுபிஐ-யில் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் ஒரு நாள் தாமதித்தாலும் நம்பிக்கை போய்விடும்.

4. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுங்கள். தனித்தனியாக ஏலம் விட்டால் ஒவ்வொன்றும் தனி விற்பனை என்கிறது அதே 64-ஆவது பிரிவு. ஐந்து எடுத்தவர் ஒன்றில் பின்வாங்கினாலும் மற்ற நான்கும் நிற்கும்.

ஏலம் நடக்கும்போது

“எண் 7, ரூ.5,500, ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம். விற்பனை முடிந்தது” என்று குழுவில் எல்லோரும் பார்க்கப் பதிவிடுங்கள். உங்கள் சுத்தியல் அதுதான். மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட்களைப் பத்திரப்படுத்துங்கள்.

‘மூணு தரம்’ சொல்வதற்கு முன்பே ஒருவர் விலகினால், முந்தையவர் தலையில் தானாகக் கட்டிவிடாதீர்கள். “உங்க விலை இன்னும் நிக்குதா?” என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். 5,500 என்று அடிக்கப் போய் 55,000 என்று விரல் தவறியவரை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிடுங்கள்.

முடிந்த பிறகு பின்வாங்கினால்

முதலில் காரணத்தைக் கேளுங்கள். படத்துக்கும் பொருளுக்கும் வித்தியாசம் என்றால் தவறு உங்கள் பக்கம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சம்பளம் வர நாளாகும் என்றால் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே மனம் மாறியவருக்கு இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். எண் 7 உங்கள் பெயரில் ரூ.5,500-க்கு முடிந்தது. நாளை இரவு 8 மணிக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்கு விற்றுவிடுவேன்.”

இந்தக் கடைசி வாக்கியம் மரியாதைக்காக மட்டும் எழுதுவதல்ல. பணம் வராத பொருளை மறுபடி விற்கும் எண்ணத்தை வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது. லாபம் வந்தால் அதுவும் அவருக்கே சேரும்.

அடுத்தவரிடம் என்ன விலை கேட்பது? பலரும் சறுக்குவது இங்கேதான். அந்தக் காஞ்சிப் பட்டு ஏலத்தில் மூன்றாமவர் 4,000-த்தில் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் 4,100 கேட்டார். ஓடிப்போனவர் 5,000 என்றதால்தான் அவர் 5,300 வரை ஏறினார். ஆகவே ஓடிப்போனவரின் கேள்விகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு 4,100-க்கே கொடுங்கள். 5,300 கேட்டால், “அந்த ஆள் நீங்க செட் பண்ணவரா?” என்ற சந்தேகம் முளைக்கும். விற்பவர் போலிக் கேள்வி வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம் என்பதும் சட்டம்தான். சந்தேகத்துக்கே இடம் கொடுக்காதீர்கள்.

முன்பணத்தை வைத்துக்கொள்ளலாமா?

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டில், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 12.27 கோடிக்கு ஒரு சொத்தை ஏலம் எடுத்தவர் மீதிப் பணத்தைக் கட்டவில்லை. மறு ஏலத்தில் வங்கிக்கு அதைவிட அதிக விலை கிடைத்தது. ஆனாலும் அவர் கட்டிய 25 சதவீதத்தை வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்றது நீதிமன்றம். இதைப் பார்த்து உற்சாகப்பட வேண்டாம். கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின் தனி விதி அங்கே வங்கிக்குத் துணை நின்றது.

உங்களுக்கும் எனக்கும் பொருந்துவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. அது நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட மனை பற்றிய வழக்கில், இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே மறுபடி விற்றதில் குறைந்த தொகையையும் உண்மையான செலவையும் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று: வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்கும் மின்வணிக நிறுவனம், தானாக ரத்து செய்தால் அதே மாதிரி கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். நீங்கள் ஒற்றை ஆளாக நடத்தினாலும் இதையே பின்பற்றுங்கள். என்னால் பொருளைக் கொடுக்க முடியாமல் போனால் ஏலம் எடுத்தவருக்கும் அதே தொகையைக் கொடுப்பேன் என்று விதியில் எழுதிவையுங்கள். இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும் விதியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பின்வாங்கியவரின் பெயரையும் எண்ணையும் குழுவில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். பார்க்கிற மற்றவர்களும் ஏலம் கேட்கவே தயங்குவார்கள். 1,400 ரூபாய் வித்தியாசத்துக்காகக் கோர்ட்டுக்கும் அலையாதீர்கள். முதல் முறை என்றால் எச்சரிக்கை. இரண்டாவது முறை என்றால் அடுத்த ஏலத்துக்கு முழுத் தொகையும் முன்பே. மூன்றாவது முறை சத்தமில்லாமல் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். அவருக்கும் மூணு தரம்தான்.

இன்று ஒரு வேலையை மட்டும் முடித்துவிடுங்கள். விற்பனை எப்போது முடியும், பணம் எத்தனை மணிக்குள் வர வேண்டும், விலகினால் என்ன கழியும், நீங்கள் தவறினால் என்ன தருவீர்கள். இந்த நான்கு வரியை எழுதிக் குழுவின் உச்சியில் பின் செய்யுங்கள். நாளை காலை ஏழு மணிக்கு “வீட்ல வேண்டாம்னு சொல்றாங்க” என்று செய்தி வந்தால், பதற வேண்டியிருக்காது. பதில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.