நடை சாத்தும் நேரம்

அன்புள்ள கண்ணம்மா,

மே மாத ஊட்டிப் பயணத்தை உன் பொறுப்பில் விட்டுவிட்டதாக அப்பா சொன்னார். நீ போட்ட திட்டத்தையும் பார்த்தேன். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எது எப்போது திறந்திருக்கும் என்பது மட்டும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் உன் பாட்டியை ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். உச்சிகாலப் பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். மத்தியானத்தில் கோயில் சாத்தியிருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? புறப்படும்போது யோசிக்கவில்லை, அவ்வளவுதான். முட்டிவலியோடு பாட்டி அந்தக் கல்மண்டபத்தில் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அதன்பிறகு, ஓர் இடம் ஏன் மூடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழகினேன். காரணம் தெரிந்தால் நாள் மறப்பதில்லை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வளாகத்துப் பள்ளிவாசலில் அன்று ஜும்மா தொழுகை. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. நம் மாநில விலங்கு நிம்மதியாகக் குட்டி போடட்டும் என்று மூடியிருக்கும் கதவின் மேல் யாருக்குக் கோபம் வரும்?

வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆனால் கூட்டம் வரும் விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பதும் உண்டு. அதனால்தான் எங்கே போவதானாலும் முதல் நாள் போன் செய்து கேட்டுவிடு என்கிறேன். எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்காதே. கடைசி டிக்கெட் எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள் என்று கேள். பல இடங்களில் கவுண்ட்டரை முன்னதாகவே அடைத்துவிடுவார்கள்.

இனி ஊட்டி. காரில் போவதானால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். மலை எவ்வளவு கூட்டத்தைத்தான் தாங்கும்? இந்த வருஷ விதி என்ன என்று அப்பா வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடு. நாம் திங்கட்கிழமை போகலாமே என்பது என் யோசனை.

ஆனால் பாட்டிக்கு ஆசை மலை ரயிலில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வரும். இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றித்தான் குன்னூர் வரை ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில். பெட்டிகளோ சில, மே மாதத்தில் கேட்பவர்களோ ஏராளம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்தார்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

மே 12 போவதென்றால் மார்ச் 13 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். முதல் நாள் இரவே எல்லோருடைய பெயரும் வயதும் ஆதார் அட்டையில் இருக்கிறபடி எழுதி வைத்துக்கொள். பாட்டி தன் வயதை இரண்டு குறைத்துச் சொல்வார். அட்டையைப் பார்த்தே எழுது. ஏழே முக்காலுக்கு நான் உன்னை எழுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாமா