செலவும் பிரயோஜனமும்

அன்புள்ள பேத்திக்கு,

பருத்த உடலை இளைக்கச் செய்ய இரைப்பையையே வெட்டுகிறார்களாமே, அந்தப் பணத்துக்கு நம் லயத்துப் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கிக் கொடுக்கலாமே என்று கோபித்து எழுதியிருந்தாய். நியாயமான கோபந்தான், இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். ஆயினும், கருவிலேயே சத்துக் குறைந்த சிசு பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்று ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1992இல் எடுத்துரைத்ததை அறிந்தால், தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஓய்ந்த பின்னும் ரொட்டியும் சீனி மிகுந்த தேத்தண்ணீரும் பழையபடி தொடர்ந்தமையால் தடித்துப்போன நம் அத்தைமாரைக் கண்டு நகைக்கமாட்டாய். பசியும் பருமனும் ஒரே லயத்தில்தான் குடியிருக்கின்றன.

இச்சத்திர சிகிச்சை அழகுக்காகச் செய்வதன்று. இக்காலத்தில் பெருவழக்காயுள்ள முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கை நீளவாக்கில் நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கிவிடுவர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி 37.5ஐத் தாண்டியவர்க்கே இது என்பது இந்திய வைத்தியர் நெடுநாள் கைக்கொண்ட எல்லை. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது 87 கிலோ. நீரிழிவு முதலிய வியாதிகளும் சேர்ந்திருந்தால் எல்லை இன்னும் தாழும்.

இதனால் அரசாங்கத்துக்குப் பணம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புவதில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி, இவ்வகைச் சிகிச்சை பெற்ற 2,010 பேரையும் பெறாத ஏனையோரையும் இருபதாண்டுகள் ஒப்பிட்டு நோக்கிய ஆராய்ச்சியில், முதல் ஆறாண்டுகள் சிகிச்சை பெற்றவரே ஆஸ்பத்திரியில் அதிக நாள் கிடந்தனர். பின்னர் மருந்துச் செலவு குறைந்ததேயன்றி, ஆஸ்பத்திரி நாட்கள் குறையவில்லை. ஆனால் மரணங்கள் குறைந்தன. ஆரோக்கியமான ஓராண்டு வாழ்வுக்கு அந்நாளில் 20,000 பவுண் வரை கொடுக்கத் தயங்காத இங்கிலாந்தில், 2009இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்றின்படி, இவ்வகைச் சிகிச்சையால் அவ்வோராண்டு அத்தொகையில் சிறு பகுதிக்கே கிடைத்தது. ஆக, மிச்சமில்லை, மலிவாக வாங்கப்பட்ட ஆயுள் உண்டு.

அக்கணக்கை நம் ஊவா மாகாணத்துக்கு அப்படியே கொண்டுவருதல் கூடாது. அங்கே வைத்தியரின் ஊதியம் பெருஞ்செலவு. இங்கோ அது சொற்பம், இரைப்பையைத் தைக்கும் உலோகக் கொக்கிகளும் கருவியுமே டொலர் கொடுத்துத் தருவிக்க வேண்டியவை, டொலரின்றி மருந்துக்கே நாடு தவித்த 2022ஐ நீ கண்டவள். சிகிச்சைக்குப் பின் இரும்புச்சத்தையும் பி12 விற்றமினையும் உடல் முன்போல் கிரகிக்காதாகையால், ஆயுட்காலம் முழுவதும் மாத்திரை வேண்டும். இரத்தச்சோகை முன்னமே மலிந்த தோட்டத்துப் பெண்களுக்கு இது அற்ப விஷயமன்று. கடும் நீரிழிவால் வருந்தும் ஒருத்திக்கு இச்சிகிச்சையை ஆடம்பரமென்று மறுப்பது அநீதி என்பேன். மாத்திரைக்கு வழி செய்யாமல் கத்தியை எடுப்பது அதனினும் பெரிய அநீதி. லுணுகலைப் பக்கத்திலிருந்து பதுளைக் கிளினிக்குக்கு வரும் நாளில் அவளுக்குப் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும், பஸ் காசும் கைக்காசு. வைத்தியம் இலவசமாதலால் இவை ஆஸ்பத்திரியின் செலவேட்டில் ஏறுவதில்லை. நீ கணக்கெழுதும்போது இவற்றையும் சேர்த்தே எழுது.

இப்படிக்கு,
தாத்தா