பூச்சிக்கும் நாள் கணக்கு உண்டு

ஆனேக்கல் பக்கம் மழைக்காலத்தில் ராகி விதைப்பார்கள். பயிர் தலை தூக்கும். கூடவே தத்துக்கிளியும் வரும். இளம் பயிரைக் கடித்துத் தின்னும்.

குஞ்சுத் தத்துக்கிளிக்குச் சிறகு இல்லை. வரப்புப் புல்லில் தத்தித் திரியும். அப்போது அடக்குவது எளிது. சிறகு முளைத்தால் வயல் விட்டு வயல் பறக்கும். பிறகு மருந்து அடித்தால் காசுதான் கரையும். ஆகவே குஞ்சு எப்போது வரும் என்று முன்பே தெரிய வேண்டும். அதற்கு வெப்பக் கணக்கு உதவும்.

மனித உடம்பின் சூடு வெயிலிலும் குளிரிலும் அதிகம் மாறாது. பூச்சியின் உடம்பு அப்படி அல்ல. வெளியே சூடு ஏறினால் அதுவும் சூடாகும், வேகமாக வளரும். குளிர்ந்தால் வளர்ச்சி குறையும். மிகவும் குளிர்ந்தால் நின்றே போகும். பாலைவன வெட்டுக்கிளியின் முட்டை நல்ல சூட்டில் சுமார் 10 நாளில் பொரிக்கும். குளிர்ந்த மண்ணில் 65 நாள்கூட ஆகும். 2020-இல் ராஜஸ்தானில் பயிரை அழித்தது இந்த வெட்டுக்கிளிதான்.

சீட்டுப் பணம் சேர்வதுபோல் வெப்பமும் நாள்தோறும் சேர்கிறது. ஒரு பூச்சி 16 டிகிரிக்கு மேல்தான் வளரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் அதிக வெப்பம் 32, குறைந்த வெப்பம் 20. இரண்டையும் கூட்டினால் 52. அதில் பாதி 26. அதில் 16 போனால் மீதி 10. இதுதான் அன்றைய வரவு.

முட்டை பொரிக்க 210 தேவை என்றால் 21 நாள் ஆகும். மேகமூட்டத்தில் வரவு 7 ஆகக் குறைந்தால் 30 நாள் ஆகும். இவை பேச்சுக்குச் சொன்ன எண்கள். பூச்சிக்குப் பூச்சி எண் மாறும். அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் இப்படிக் கணக்கிட்டே தத்துக்கிளியை எதிர்பார்க்கிறார்கள்.

நம் பக்கம் வெப்பம் மட்டும் போதாது. மழையும் வேண்டும். லெஸ்லி கோல்மன் என்ற கனடா நாட்டு அறிஞர் 1908-இல் மைசூர் அரசின் வேளாண் பணிக்கு வந்தார். சோளத்தைத் தின்னும் தக்காணத் தத்துக்கிளியை ஆராய்ந்தார். அதன் முட்டை மண்ணுக்குள் கோடை முழுவதும் கிடக்கும். மழை மண்ணை நனைத்த பிறகே பொரிக்கும். அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆகவே மழை பெய்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தினமும் வெப்பத்தையும் எழுதுங்கள். கோடையிலேயே உழுது புரட்டினால் முட்டைகள் மேலே வரும். வெயிலில் காயும். மைனாவும் கொத்தித் தின்னும். வரப்பையும் செதுக்கிவிடுங்கள். குஞ்சு வந்துவிட்டால் குளிர்ந்த விடியற்காலையில் வலை வீசுங்கள். அப்போது அது மந்தமாக இருக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்: அதிக வெப்பம் 30, குறைந்த வெப்பம் 20. மேலே சொன்ன பூச்சிக்கு அன்றைய வரவு எவ்வளவு?