தொலைவும் தொட்டியும்: காவல் விமானங்கள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக எதிரி நாட்டின் உட்பகுதி வரை சென்று, அங்கே சண்டையிட்டு, தளம் திரும்பக்கூடிய போர் விமானமே நெடுந்தூரக் காவல் விமானம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இப்படி ஒன்று சாத்தியமில்லை என்றே பல நாட்டு விமானப் படைகள் எண்ணின. தொலைவுக்குப் பறக்க எரிபொருள் வேண்டும். எரிபொருள் கூடினால் எடை கூடும். எடை கூடிய விமானம் சண்டையில் சட்டென்று திரும்பாது. லண்டனிலிருந்து பெர்லின் வான்வழியில் சுமார் 930 கி.மீ. திருச்சியிலிருந்து விசாகப்பட்டினமும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். ஒற்றை எஞ்சின் விமானம் பெர்லின் வரை போய்ச் சண்டை போட்டு, எங்கும் இறங்காமல் திரும்ப வேண்டும்.

நம்பிக்கை: இதை முதலில் சாதித்தது அமெரிக்காவின் மஸ்டாங்.

உண்மை: ஜப்பான் முந்திக்கொண்டது. ஜிரோ ஹோரிகோஷி வடிவமைத்த ஜீரோ விமானம், வயிற்றுப்புறத்தில் 330 லிட்டர் தொட்டியைச் சுமந்துகொண்டு, 1940 ஆகஸ்டிலேயே சீனாவின் சோங்சிங் நகர் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போனது. இந்த விமானத்தின் வல்லமை தமிழர் வாழும் நிலத்தின் மேலேயே வெளிப்பட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பி கொழும்புத் துறைமுகத்தைத் தாக்க வந்த படையில் 36 ஜீரோக்கள் காவலுக்கு வந்தன. கொழும்பை அடுத்த இரத்மலானையில் இருந்த பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையைவிட்டு எழும்பும்போதே சிக்கிக்கொண்டன. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலில் புதிதாக அமைத்திருந்த ஓடுதளம் மட்டும் ஜப்பானியர் கண்ணில் படவில்லை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால், தன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தனர்.

ஜீரோவின் தொலைவுக்கு ஒரு விலை இருந்தது. எடையைக் குறைப்பதற்காக விமானியைக் காக்கும் கவசமும், குண்டு துளைத்தால் தானே அடைபடும் தொட்டியும் விடப்பட்டன. சில தோட்டாக்கள் பட்டாலே விமானம் தீப்பிடித்தது. விமானியின் உயிரைக் குறைத்து மதிப்பிட்ட இந்தக் கணக்கு, தேர்ந்த விமானிகள் தீரத் தீர ஜப்பானுக்கே பாதகமானது.

நம்பிக்கை: மஸ்டாங் நெடுந்தூரம் பறந்ததற்கு ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினே காரணம்.

உண்மை: மெர்லின் தந்தது உயரத்தில் வலிமை. காற்று அடர்த்தி குறைந்த 25,000 அடி உயரத்தில் மஸ்டாங்கின் பழைய ஆலிசன் எஞ்சின் மூச்சுத் திணறியது, மெர்லின் திணறவில்லை. ஆனால் ஆலிசன் எஞ்சின் கொண்ட மஸ்டாங்குகளே 1943 நவம்பர் இறுதியில் வங்காளத்துத் தளங்களிலிருந்து கிளம்பி, ரங்கூனைத் தாக்கிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போயின. பெர்லின் வானில் மஸ்டாங் தோன்றியது 1944 மார்ச்சில்தான். ரங்கூனில் பல தலைமுறைத் தமிழர் வாழ்ந்திருக்க, இந்தப் பயணங்கள் தமிழில் அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது.

தொலைவைத் தந்தவை காற்றை எளிதில் கிழிக்கும் உடலமைப்பும் எரிபொருள் தொட்டிகளும். பிரிட்டனின் தொடக்கக் கால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உள்தொட்டிகள் ஏறத்தாழ 386 லிட்டர் கொள்ளும். விமானியின் இருக்கைக்குப் பின்னால் 85 அமெரிக்க கேலன் தொட்டி ஒன்றைச் சேர்த்த பிறகு மஸ்டாங்கின் உள்தொட்டிகள் மட்டும் சுமார் 1,018 லிட்டர் கொண்டன. அந்தப் பின்தொட்டி நிறைந்திருந்தால் விமானத்தின் எடை பின்புறம் சாயும். கூர்மையாகத் திருப்பினால் கட்டுப்பாடு போகும். அதனால் விமானிகள் முதலில் அதிலிருந்து பெரும்பகுதியை எரித்துவிட்டே மற்ற தொட்டிகளுக்கு மாறினர்.

நம்பிக்கை: எந்தப் போர் விமானத்திலும் பெரிய கழற்றிவிடும் தொட்டியைத் தொங்கவிட்டால் போதும்.

உண்மை: இங்கேதான் கணக்கு பலருக்கும் தவறுகிறது. எதிரி விமானம் கண்ணில் பட்டதும் வெளித்தொட்டிகளைக் கழற்றி எறிந்தாக வேண்டும். அவற்றோடு சண்டையிட முடியாது. அதன்பின் சண்டைக்கும் வீடு திரும்புவதற்கும் உள்தொட்டியில் இருப்பதே மிச்சம். வெளித்தொட்டி எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும், உள்தொட்டி திரும்பக் கொண்டுவரும் தூரமே எல்லை. ஸ்பிட்ஃபயர் பெர்லினுக்குக் காவல் போகாததற்கு இதுவே காரணம். தாய்நாட்டின் மேலே வரும் எதிரியை எதிர்கொள்ளவே அது வடிவமைக்கப்பட்டது.

குறுகிய தூரத்தில் அதே ஸ்பிட்ஃபயர் நல்ல துணை. 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் உருவாக்கப்பட்ட இந்திய விமானப் படையின் 8-ஆம் பிரிவு, வெஞ்சன்ஸ் என்ற செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானங்களுடன் பர்மாவின் அரக்கான் போர்முனைக்குச் சென்றது. அங்கே இலக்குகள் அருகில் இருந்ததால் காவல் விமானங்களுக்கு மஸ்டாங் அளவு தொலைவு தேவைப்படவில்லை. பின்னர் அப்பிரிவே ஸ்பிட்ஃபயருக்கு மாறியது.

வெளித்தொட்டியைச் செய்வதும் எளிதாக இல்லை. பிரிட்டனில் உலோகத் தட்டுப்பாட்டால், பசை ஏற்றி இறுக்கிய காகிதத்தில் 108 கேலன் தொட்டிகள் செய்யப்பட்டன. பெட்ரோல் சில மணி நேரத்தில் அந்தப் பசையைக் கரைக்கத் தொடங்கும் என்பதால், புறப்படுவதற்குச் சற்று முன்புதான் நிரப்பினர்.

நம்பிக்கை: காவல் வந்ததும் குண்டுவீச்சு விமானங்கள் தப்பித்தன.

உண்மை: இலக்கு வரை காவல் இல்லாத காலத்தின் இழப்பு பயங்கரமானது. 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகருக்கு அனுப்பப்பட்ட 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் இருந்தனர். ஆனால் மஸ்டாங்குகள் உடன் சென்ற 1944 மார்ச் 6 பெர்லின் தாக்குதலிலும் 69 குண்டுவீச்சு விமானங்கள் அழிந்தன.

மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1944 ஜனவரியில் அமெரிக்காவின் 8-ஆவது விமானப் படைக்குத் தலைமையேற்ற ஜேம்ஸ் டூலிட்டில், குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, எதிரியைத் தேடிப் போய் அழிக்கக் காவல் விமானங்களை ஏவினார். தங்களைத் தனியே விட்டுவிட்டதாகக் குண்டுவீச்சு விமானிகள் பலர் எண்ணினர். ஆயினும் ஜெர்மன் போர் விமானங்கள் ஒன்றுகூடும் இடத்திலும், தம் தளத்தில் இறங்கும் நேரத்திலும் வேட்டையாடப்பட்டன. 1944-இல் ஜெர்மன் ஆலைகள் முன்னெப்போதையும்விட அதிக விமானங்களைக் கட்டின. அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்ற விமானிகளும் பெட்ரோலும்தான் அந்நாட்டிடம் போதவில்லை.