சீட்டுக்கு முறை கிடையாது

பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் வலை போடும் இடம். எல்லாப் பாட்டிலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்தை ஒட்டிய பாட்டுக்கு இருக்கும் மவுசு, உள்ளே தள்ளியிருக்கும் பாட்டுக்கு இல்லை. அதனால்தான் இங்குள்ள மீனவர்கள் பாடு முறை என்று ஒன்றை வைத்தார்கள். இன்று நல்ல பாடு உனக்கென்றால் அடுத்த முறை இன்னொருவருக்கு. ஊருக்கும் ஊருக்கும் இடையிலும் அப்படித்தான் நாள் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே வெறும் வலையை இழுத்துக்கொண்டு கரையேறும் ஒருவர், "போகட்டும், என் முறை வரும்" என்று சொன்னால் அது ஆறுதல் பேச்சில்லை. கணக்கு. ஊர் வைத்த கணக்கு.

அப்படிப்பட்ட ஊரில், ஆரம்பாக்கத்திலோ சுண்ணாம்புக்குளத்திலோ, ஒரு பையன் ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் போக்கர் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறால் விற்ற காசு ஆறு தவணையாகப் போய்விட்டது. ஏழாவது தடவை பணம் ஏற்றும்போது அவனும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொள்கிறான்: "என் முறை வரும்." சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏரியில் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கிறது. சீட்டுக் கட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"இத்தனை தடவை போச்சு. இந்தத் தடவை வந்தே தீரும்."

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. போக்கரில் ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு இரண்டு. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் இடையில் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம்.

உங்கள் கையில் இரண்டு இஸ்பேட், நடுவில் திறந்த மூன்றில் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், பெரும்பாலும் உங்களுக்கே வெற்றி. கட்டில் மிச்சம் 9 இஸ்பேட். உங்கள் கண்ணில் படாத சீட்டு 47. அடுத்த சீட்டே இஸ்பேட்டாக இருக்க 100க்கு 19 வாய்ப்பு. கடைசி இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் 35தான். மூன்றில் இரண்டு தடவை வராது. போன நான்கு ஆட்டத்தில் வராமல் போனதற்காக ஐந்தாவது ஆட்டத்தில் இந்த 35, 36 ஆகாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. அதற்குப் போன ஆட்டம் ஞாபகத்தில் இல்லை.

இது நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் வருகிற மயக்கம் என்று நினைக்க வேண்டாம். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பா கறுப்பா என்று பந்தயம் கட்டும் ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே நின்றது. இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டியே கனவான்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். கோட்டு சூட்டு போட்டவர்களும் "முறை வரும்" என்றுதான் நம்பினார்கள்.

"இது திறமை ஆட்டம். கோர்ட்டே சொல்லியிருக்கு."

சொல்லியிருப்பது உண்மை. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று உச்ச நீதிமன்றம் 1968ல், ஆந்திர அரசு தொடர்ந்த சத்யநாராயணா வழக்கில் சொன்னது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழக அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022ல் அரசு மறுபடி சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டதை மட்டும் செல்லாது என்றது.

ஆனால் நீதிமன்றம் விடைதேடிய கேள்வி, அந்த ஆட்டத்தில் திறமை மேலோங்கி நிற்கிறதா என்பது. ஆடுபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைவிட எனக்குத் திறமை அதிகமா? கிரிக்கெட்டும் திறமை ஆட்டம்தான். அதற்காக நானும் அஸ்வினும் பந்தயம் கட்டி ஆடினால் யார் வீட்டுக்குக் காசு போகும்?

போக்கர் ஆடுபவர்களுக்குள் ஒரு குழூஉக்குறி உண்டு. தோற்கப்போகும் புது ஆளை 'ஃபிஷ்' என்பார்கள், மீன். எந்த மேசையில் மீன் அதிகம் என்று பார்த்து உட்காருவதே கெட்டிக்காரத்தனம். தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த குடும்பத்துப் பிள்ளை அந்த மேசையில் எந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குச் சிரிப்பு வராத நகைச்சுவை. வள்ளுவரும் இதே படத்தைத்தான் வரைந்தார்: சூது அதிகாரத்தின் முதல் குறளில், ஆடி வென்ற பணத்தை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். தோற்ற பணத்தை அல்ல, வென்ற பணத்தை. முதல் வாரத்தில் ஜெயித்த இரண்டாயிரம் ரூபாயைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இது புரியும்.

சரி, ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றே இருக்கட்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார், கூட்டிக் கழித்தால் சமம் என்று தோன்றும். நடுவில் ஒரு கை இருப்பதை மறந்துவிடுகிறோம். மேசையில் சேரும் ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். 5 சதவீதம் என்பது வழக்கமான அளவு. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள், மொத்தம் 6,000. ஓர் ஆட்டத்தில் 100 ரூபாய் சேர்கிறது, 5 ரூபாய் பிடித்தம், மணிக்கு 60 ஆட்டம். ஒரு மணி நேரத்தில் 300 போயிற்று. பத்து மணி நேரத்தில் 3,000. மேசையிலிருந்த பணத்தில் பாதி, ஒரு சீட்டைக்கூடத் தொடாதவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"விட்ட இடத்துலதான் பிடிக்கணும்."

எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடக் காசைக் கரைத்த வாக்கியம் வேறில்லை.

தோற்ற எரிச்சலில் கண்மண் தெரியாமல் ஆடுவதற்குப் போக்கர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டில்ட்'. இந்தச் சொல் வந்த கதை சுவையானது. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டை ஓடவிட்டு ஆடும் பின்பால் என்ற இயந்திரம் உண்டு. குண்டு தப்பிப்போகிறதே என்று ஆடுபவர் ஆத்திரத்தில் பெட்டியைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' என்று விளக்கு எரியும், ஆட்டம் அப்படியே செத்துப்போகும். அந்தப் பழைய பெட்டிக்கு இருந்த புத்தி செல்போனுக்கு இல்லை. நீங்கள் எவ்வளவு உலுக்கினாலும் அது நிற்காது. இன்னும் கொஞ்சம் பணம் ஏற்றச் சொல்லும்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கும். ஆன்லைனில் அது இரட்டிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மேசை திறந்து வைப்பவர்களும் உண்டு. படகு நிழலில் துண்டு விரித்து ஆடிய காலத்தில் சீட்டைக் கலைக்க ஒருவர் வேண்டும், நடுவில் டீ வரும், யாராவது வீட்டிலிருந்து வந்து காதைத் திருகுவார்கள். "போதும்டா" என்று நமக்கே தோன்றுவதற்கான இடம் அந்த இடைவெளிகளில்தான் இருந்தது. செல்போன் பிடுங்கிக்கொண்டது அந்த இடைவெளியை. இரண்டு ஏஸ் கையில் வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அதுவரை பொறுமையாகச் சீட்டைப் போட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆட்டத்தில் பாதி. விட்டதைப் பிடிக்கக் கிளம்பியவரால் முடியாத காரியமும் அதுதான்.

எந்த நேரத்தில் புத்தி கெடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு வைத்து ஆடுவதற்குத் தடை இருந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

"பெருசா ஒரு தடவை ஜெயிச்சிட்டு நிறுத்திடுவேன்."

ஜெயித்த அன்று நிறுத்தத் தோன்றாது. தோற்ற அன்று நிறுத்த முடியாது.

"மன உறுதி இல்லாதவன்தான் இப்படி ஆவான்."

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறைக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது நோய்தான். அமெரிக்கப் பட்டியல் ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது; ஓராண்டுக்குள் நான்கு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. விட்டதைப் பிடிக்க மறுநாள் மறுபடி போவது அதில் ஒன்று. வீட்டில் பொய் சொல்வது, நிறுத்தப் பார்த்து முடியாமல் போவது, அதே கிளர்ச்சிக்குத் தொகையை ஏற்றிக்கொண்டே போவது, மனம் சரியில்லாதபோது ஆடுவது ஆகியவையும் உண்டு. நடுக்குவாத நோய்க்குத் தரும் சில மருந்துகள், அதுவரை சீட்டையே தொடாதவர்களைக்கூடச் சூதாட்டத்தில் தள்ளியிருக்கின்றன. மருந்தைக் குறைத்தால் பலருக்கு அந்த வெறி அடங்குகிறது. இதைப் படித்த பிறகும் எல்லாமே குணக்கேடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மனதை அதிகம் பிடித்துவைக்கும். மீன்பிடியும் அப்படிப்பட்டதுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் வலை வீசுபவனை டீசல் தீர்ந்து நிறுத்தும், காற்று நிறுத்தும், தோள்வலி நிறுத்தும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் அரசாங்கம் நிறுத்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு உரிமையாளர்களுக்கு மன உறுதி இருக்கிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்தா அந்தத் தடையைப் போட்டார்கள்? மீன் கண்ணில் பட்ட பிறகு கட்டுப்பாடு வராது; தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால்தான் அந்தத் தடை வேலை செய்கிறது.

ஆடுபவர் செய்யக்கூடியதும் அதுதான். மேசையில் உட்கார்ந்த பிறகு எடுக்கும் சபதம் எதுவும் நிற்காது; கரையில் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். ஆப்பை அழிப்பது. வங்கியில் சொல்லி யுபிஐ அன்றாட வரம்பைச் சில நூறு ரூபாய்க்கு இறக்குவது. இறால் காசு வந்து விழும் கணக்கை மனைவி பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றுவது. ராத்திரி செல்போனை வேறு அறையில் வைப்பது. இவை பெருமையான வழிகள் அல்ல. ஆனால் பின்பால் பெட்டியின் விளக்கைப் போல வேலை செய்பவை.

"கடனை அடைச்சுட்டா திருந்திடுவான்."

தாலிக்கொடியை அடகு வைத்து மொத்தமாக அடைத்த வீடுகளில் பலவற்றில் அடுத்த வருடமே புதுக்கடன் முளைக்கிறது. அடைபட்ட கடன், ஆடுபவர் மனதில் மறுபடி கிடைத்த முதலாகிவிடுகிறது. கடனை ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் உட்பட. பணத்தை அவர் கையில் தராமல் கொடுத்தவரிடமே நேரே கட்டுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி கேட்டு மிரட்டுபவர் இருந்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. காவல் நிலையத்தில் சொல்லலாம்.

"அதான் தடை வந்தாச்சே, இனி என்ன?"

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்காடலையே ஓரங்கட்டிவிட்டது: காசு வைத்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக் கூடாது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் காசு மேசைகளை மூடின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களும், டெலிகிராமில் வரும் இணைப்புகளும் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பவை அல்ல. அங்கே ஜெயித்தாலும் பணம் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புகார் சொல்ல அலுவலகமும் இல்லை. தடை, கடையைத்தான் மூடியது. பசியை அது தொடவில்லை.

இந்த மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. ஆகவே கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டு யாரும் உதவி கேட்காமல் இருக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் மின்தொடர் வண்டி ஏறினால் சென்னை; கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794 முதல் இயங்குகிறது, ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. பேச்சுவழிச் சிகிச்சைக்கு இந்தக் கோளாறில் நல்ல பலன் இருக்கிறது. கடன் கழுத்தை நெரித்து, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு நிமிடம் வந்தாலும் அங்கேயே போனை எடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. தமிழக அரசின் எண் 104. டெலிமானஸில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டாம். "விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறேன், நிறுத்த முடியவில்லை" என்று சொன்னால் போதும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.